ஆயக்கட்டுக்கு வெளியே



நாஞ்சில் நாட்டு நீர் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பேச்சிப்பாறை அணையைத்தான் முதலில் சொல்வார்கள். திருவிதாங்கூர் அரசு 1897இல் வேலையைத் தொடங்கி 1906இல் முடித்தது. பொறியாளர் மிஞ்சின் பெயரை இன்றும் நன்றியோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அணைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயர்கள் யாருக்குத் தெரியும்? அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை நட்டு அறுத்த பறையருக்கும் புலையருக்கும் அதில் என்ன உரிமை இருந்தது?

திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அணை வேலை தொடங்கியபோது அதற்கு 42 வயது. விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. பாசன உரிமையோ நிலத்தோடு சேர்ந்தது. ஆயக்கட்டில் நிலம் இருப்பவருக்கே மடைத் தண்ணீர். நிலமற்றவருக்கு வாய்க்காலில் கூலி வேலை உண்டு, பங்கு இல்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் தண்ணீரை இரண்டு முனைகளில் சந்தித்தார். 1927இல் மகாத் குளத்தில் குடிக்கும் உரிமைக்காக நின்றார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு பாசனம், மின்சாரம் பற்றிய பொறுப்பும் அவரிடம் இருந்தது. ஆற்றுப் படுகை முழுவதையும் ஒரே அலகாகத் திட்டமிடும் கொள்கையும் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டமும் அந்தக் காலத்தில் உருப்பெற்றவை. பின்னர் அரசியலமைப்பின் 262ஆம் பிரிவும், 1956இன் மாநிலங்களிடை நீர்த் தகராறு சட்டமும் வந்தன. அவற்றில் வழக்காட வருவது மாநில அரசுகள். சேரிக்கு அங்கே இருக்கை கிடையாது.

1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 1970களின் தொடக்கத்தில் கோதையாற்றில் 60 மெகாவாட், 40 மெகாவாட் திறனுள்ள இரண்டு புனல்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அந்த மலைகள் காணி மக்கள் வாழும் மலைகள். அவர்களைக் கேட்டாக வேண்டும் என்று சொல்லும் சட்டம் அப்போது இல்லை. வனப் பாதுகாப்புச் சட்டம் 1980இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் வந்தன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல்தான் கட்டாயமானது.

இன்றைய நிலை என்ன? 2006இன் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 25 மெகாவாட்டுக்குக் குறைந்த புனல்மின் திட்டத்துக்கு முன் அனுமதி கேட்பதில்லை. அது எண்ணுவது மெகாவாட்டை, குடும்பங்களை எண்ணுவதில்லை. அதே 2006இன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் குரல் கொடுத்தது. 2013இல் நியமகிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் டோங்ரியா கோண்டு மக்களின் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. எல்லாச் சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. ஆனால் 2022இன் வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைகள் தீர்க்கப்படுவதற்கு முன்பே மத்திய அரசு ஒப்புதல் தர வழிவிட்டன.

நியமகிரி பழங்குடி மக்களின் வெற்றி. சமவெளியில் நிலமற்ற தலித்துக்கு அந்த அளவு சட்டப் பிடிகூட இல்லை. வன உரிமைக்கு ஈடான நீர் உரிமை அவருக்கு எழுதப்படவில்லை.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். உங்கள் ஊர் வாய்க்காலின் ஆயக்கட்டுக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை தலித் பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைக் கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள்.