வாரத்தில் ஒரு நாள் தண்ணீர்

பத்து மீட்டர் மேடையிலிருந்து பாய்கிறவர் தண்ணீரைத் தொட இரண்டு நொடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்குள் எத்தனை பல்டி, கால்கள் ஒட்டியிருந்தனவா, உடம்பு நேராக இறங்கியதா, தண்ணீர் எவ்வளவு தெறித்தது என்றெல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று சொல்ல வேண்டும். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் அந்த நடுவர் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் தரும் புள்ளிகளை, அந்த டைவ் எவ்வளவு கடினம் என்பதற்கென்று வைத்திருக்கும் ஓர் எண்ணால் பெருக்குவார்கள். நியாயமான கணக்குதான். ஆனால் மேடையின் ஏணிவரை வந்து சேர ஒருவர் பட்ட பாட்டுக்கு அதில் எண் கிடையாது. 1948 லண்டன் ஒலிம்பிக்கின் டைவிங் முடிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

போர் முடிந்து மூன்றே ஆண்டுகள். இங்கிலாந்தில் ரேஷன் இன்னும் தீரவில்லை. 1934ஆம் ஆண்டின் பேரரசு விளையாட்டுப் போட்டிக்காக வெம்பிளியில் கட்டிய எம்பயர் பூலையே ஒலிம்பிக்குக்கும் வைத்துக்கொண்டார்கள். கூரைக்குக் கீழே ஒலிம்பிக் நீச்சல் நடந்தது அதுதான் முதல்முறை. டைவிங்கில் அன்று மொத்தம் நான்கு தங்கம்; ஆண்களுக்கும் பெண்களுக்கும் மூன்று மீட்டர் ஸ்பிரிங்போர்டு ஒன்று, பத்து மீட்டர் மேடை ஒன்று. நான்கையும் அமெரிக்காவே அள்ளியது. பெண்களின் இரண்டு தங்கமும் விக்கி டிரேவ்ஸுக்கு. ஒரே ஒலிம்பிக்கில் இரண்டையும் வென்ற முதல் பெண் அவர்தான். ஆண்கள் மேடைத் தங்கம் சாமி லீக்கு. ஸ்பிரிங்போர்டில் வெண்கலமும் அவருக்கு. பட்டியலில் இருவருக்கும் நேராக 'அமெரிக்கா' என்று இருக்கிறது. அதே அமெரிக்காவின் நீச்சல்குளங்கள் இவர்களை எப்படி நடத்தின என்பது பட்டியலில் இல்லை.

லீயின் பெற்றோர் கொரியாவிலிருந்து வந்தவர்கள். 1920இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் பிறந்தார் லீ. 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் நடந்தபோது தெருவெல்லாம் கொடிகள். நானும் ஒருநாள் ஒலிம்பிக் வீரன் ஆவேன் என்று அப்பாவிடம் சொன்னான் பையன். ஆகலாம், ஆனால் அதற்குக் குளத்தில் இறங்கவேண்டுமே! லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்து ஊரான பாசடினாவின் புரூக்சைடு குளம் நகராட்சியினுடையது. ஊரார் வரிப்பணத்தில் நடப்பது. கறுப்பர், மெக்சிகர், ஆசியர் எல்லோருக்கும் சேர்த்து அங்கே வாரத்தில் ஒரு நாள். 'சர்வதேச நாள்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அன்று பொழுது சாய்ந்ததும் குளத்து நீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். மறுநாள் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருவார்கள். மகாட் ஊர்க் குளத்தில் 1927இல் அம்பேத்கர் நீர் அருந்திய பிறகு, சாணமும் கோமியமும் கலந்த குடங்களைக் கவிழ்த்து அதைச் 'சுத்தம்' செய்த கதை நமக்குத் தெரியும். புரூக்சைடில் குழாயைத் திறந்து செய்தார்கள், அவ்வளவுதான். நீதிமன்றம்வரை போய், 1947இல்தான் அந்தக் குளம் எல்லா நாளும் எல்லோருக்கும் திறந்தது.

வாரம் ஒரு நாள் பயிற்சி செய்து டைவர் ஆக முடியாது. ஒரு பாய்ச்சலை உடம்பு பழகுவதற்கு அதையே நூற்றுக்கணக்கான தடவை செய்தாக வேண்டும். ஜிம் ரையன் என்ற பயிற்சியாளர் 1938 வாக்கில் லீயைக் கண்டுகொண்டார். தன் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி, மணலைக் கொட்டி, அதன்மேல் பலகை அமைத்தார். மற்ற நாட்களில் லீ பாய்ந்தது அந்த மணலில். மணலில் தலைகீழாக இறங்க முடியாது. எழும்பலாம், காற்றில் சுழலலாம், கடைசியில் காலூன்றித்தான் விழவேண்டும். தண்ணீருக்குள் எப்படி நுழைவது என்பதை மணல் கற்றுத்தராது. ஆனால் எகிறுவதற்குக் காலில் வலு ஏறும். சுழலும்போது மேல் எது கீழ் எது என்ற புத்தி வரும். இன்றைய டைவர்களும் பாதிப் பயிற்சியைத் தரையில்தான் செய்கிறார்கள். டிராம்போலின், இடுப்பில் வார், கீழே பஞ்சுமெத்தைக் குழி என்று எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு அது குளத்தோடு சேர்ந்து கிடைக்கும் வசதி. லீக்கோ குளம் இல்லாத நாட்களை ஓட்டுவதற்கான வழி.

1942இல் லீ அமெரிக்க தேசியப் பட்டம் வென்றார். டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 1947இல் அதையும் முடித்தார். ஒலிம்பிக்குக்குப் போனபோது ராணுவ மருத்துவர்.

விக்கியின் கதை வேறு வகை. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அப்பா பிலிப்பைன்ஸ்காரர், பெயர் மனாலோ, அம்மா இங்கிலாந்துக்காரர். ஏழைக் குடும்பம், ஐந்து சென்ட் கட்டிப் பொதுக்குளத்தில் நீந்தக் கற்றவர். பதினாறு வயதில் ஒரு பெரிய ஹோட்டலின் டைவிங் கிளப்பில் சேரப் போனபோது, பிலிப்பினோப் பெயர் ஆகாது என்றார்கள். அம்மாவின் குடும்பப் பெயரான டெய்லரைச் சூட்டி, விக்டோரியா டெய்லர் ஆக்கினார் பயிற்சியாளர். அதுவும் போதாமல், மற்ற உறுப்பினர்களோடு சேர்க்காமல் இவருக்கென்றே தனியாக ஒரு பயிற்சிப் பள்ளியைப் பெயரளவுக்கு வைத்தார். பிறகு விக்கி, லைல் டிரேவ்ஸ் என்ற பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தார். 1946இல் அவரையே மணந்தார்.

லீக்கும் விக்கிக்கும் இடையே போர்க்காலத்திலிருந்தே நட்பு. லண்டனில் ஸ்பிரிங்போர்டின் இறுதிக் கட்டத்தில் விக்கிக்குக் கை கால் ஓடவில்லை. என்னால் முடியாது என்று லீயிடம் சொல்லிவிட்டார். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாய், போய் உன் வேலையைச் செய் என்ற பொருளில் லீ அதட்டினார். விக்கி ஏறினார், பாய்ந்தார். இரண்டாம் இடத்துக்கு வந்த சக அமெரிக்கரான ஜோ ஆன் ஓல்சனை அவர் முந்தியது சுமார் அரைப் புள்ளியில். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, லீயின் முறை. மூன்றரைச் சுற்றுப் பல்டி அடித்துத் தண்ணீரில் இறங்கியபோது உடம்பெல்லாம் விறுவிறுத்ததால், வயிறு அடிபட விழுந்துவிட்டோமோ என்று பயந்ததாகப் பின்னாளில் சொன்னார். தங்கம் கிடைத்திருந்தது. மறுநாள் விக்கிக்கு மேடைத் தங்கம்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், தன் 32ஆவது பிறந்தநாளன்று, லீ மேடைத் தங்கத்தை மறுபடியும் வென்றார். ஆண்களில் அடுத்தடுத்த ஒலிம்பிக்கில் அதை வென்ற முதல் ஆள். அதற்குப் பிறகு, 1950களின் நடுவில், கலிபோர்னியாவின் கார்டன் குரோவில் வீடு வாங்கப் போனபோது ஆசியருக்கு விற்பதில்லை என்றார்கள். இரண்டு தங்கம், மேஜர் பதவி, மருத்துவப் பட்டம் எதுவும் உதவவில்லை. விஷயம் பத்திரிகைகளில் வெடித்த பிறகே வழி பிறந்தது. பதக்கம் வாங்கியதும் கதவு தானாகத் திறந்துவிடும் என்று நம் ஆட்கள் மேடையில் பேசும்போது எனக்கு இந்த வீடுதான் ஞாபகம் வரும்.

லீ பிறகு பயிற்சியாளரானார். அவரிடம் பயின்ற பாப் வெப்ஸ்டர் 1960, 1964 இரண்டிலும் மேடைத் தங்கம் வென்றார். சமோவா வம்சாவளிப் பையனான கிரெக் லூகானிஸை வீட்டிலேயே தங்கவைத்துத் தயார்செய்தார். 1976 மான்ட்ரியலில், பதினாறு வயதில், அவன் வெள்ளி வாங்கினான். 1984, 1988 இரு ஒலிம்பிக்கிலும் டைவிங்கின் இரண்டு தங்கத்தையும் வென்ற லூகானிஸ் அந்தப் பையன்தான். ஒருவருக்கு மறுக்கப்பட்ட தண்ணீரின் கணக்கு இப்படி நீண்டுகொண்டே போகிறது. ரையன் அன்று குழி வெட்டாமல் இருந்திருந்தால் இந்தப் பெயர்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

எத்தனை ஊர்களில் ரையன் போன்ற ஆள் இல்லாமல் போனார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: டைவிங்கின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் புள்ளிப் பட்டியலைப் பிறகு எடுக்கட்டும். குளத்தின் வாசலில் தொங்கிய நேரப் பலகையை முதலில் படிக்கட்டும். எந்த நாளில், எந்த மணியில், யாருக்கு அனுமதி என்று அதில் எழுதியிருக்கும். யார் ஜெயிப்பார்கள் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.