துட்டி வீடும் இரண்டு வாரக் கெடுவும்

தென்காசி மாவட்டத்து ராயகிரிப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், 16-ஆம் நாள் காரியம் முடியும்வரை அது துட்டி வீடு. துட்டி கேட்க வருகிற பெண்களைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை என்றால் அதை யாரும் நோயென்று சொல்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடோ ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரம் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மனச்சோர்வு நோய் என்கிறது. காரியத்துக்கு இரண்டு நாள் முன்பே கெடு முடிந்துவிடுகிறது! 1994 பதிப்பு சாவுத் துக்கத்துக்கு இரண்டு மாத விலக்கு கொடுத்திருந்தது; 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது.

எதை இழந்தார் என்ற கேள்வி இந்த வகைப்பாட்டின் மையத்தில் இருந்த காலமும் உண்டு. துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மெலன்கோலியா என்னும் கடும் சோர்வில் மனிதர் தன்னையே வெறுக்கிறார் என்று 1917-இல் பிராய்ட் பிரித்துக் காட்டினார். 1968-இன் இரண்டாம் பதிப்பு, உள்மனப் போராட்டத்தாலோ இழப்பாலோ வருவதை ‘மனச்சோர்வு நியூரோசிஸ்’ என்றது. 1980-இல் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் வந்த மூன்றாம் பதிப்பு காரணங்களை விலக்கி, அறிகுறிகளை எண்ணத் தொடங்கியது. உளப்பகுப்பாளர்கள் கடுமையாகப் போராடியும், அந்தப் பழைய பெயருக்கு ‘டிஸ்தைமியா’ என்னும் நீடித்த சோர்வு நோயின் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறிதான் கிடைத்தது.

ஸ்பிட்சர் தரப்புக்கு வலுவான நியாயம் இருந்தது. லண்டன் மருத்துவர்கள் பித்து-சோர்வு நோய் என்று கண்ட இடத்தில், நியூயார்க் மருத்துவர்கள் மனச்சிதைவு என்றார்கள். இரு நாட்டு ஒப்பாய்வு இதை அம்பலப்படுத்தியது. நோயின் பெயரிலேயே ஒத்துப்போகாதவர்கள் எந்த மருந்தைச் சோதிப்பது? விலக்கை நீக்கியவர்கள் கேட்டதும் சரியே: வேலை போனவருக்கு இல்லாத சலுகை சாவுக்கு மட்டும் எதற்கு? துக்கத்தில் தற்கொலை எண்ணத்தோடு வரும் பெண்ணைத் திருப்பி அனுப்புவதா? கூடவே கூடாது.

ஆனால் அதே ஐந்தாம் பதிப்பின் அடிக்குறிப்பைப் படியுங்கள். துக்கத்தில் மேலோங்குவது வெறுமை, தன்மதிப்பு பெரும்பாலும் குலைவதில்லை. மனச்சோர்வில் தன்வெறுப்பு வருகிறது என்கிறது. பிராய்டின் பெயர் இல்லை, பிரிவினை அவருடையது. அறிகுறிக் கணக்கால் மட்டும் துக்கத்தையும் நோயையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்தப் பிரிவினை அடிக்குறிப்பில் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11, துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் நீளும் சோர்வையும், இறந்தவரோடு தொடர்பில்லாத குற்றவுணர்வையும் பார்க்கச் சொல்கிறது. தென்காசி வட்டாரத்து மருத்துவர்கள் இந்த வழியைப் பின்பற்ற வேண்டும்; அறிகுறிகளை எண்ணும் முன், வீட்டில் யார் இறந்தார்கள் என்று கேட்க வேண்டும்.