படம் அல்ல, கட்டளை! வெக்டர் கோப்புகள் மென்பொருளைக் கவிழ்த்த கதை

1980களின் கடைசி ஆண்டுகள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஃபிலிம் எடுத்துத் தரும் கடைகளில் அடிக்கடி நடந்த காட்சி இது. வடிவமைப்பாளர் ஒரு ஃப்ளாப்பியோடு வருவார். கையில் லேசர் பிரிண்டரில் எடுத்த மாதிரித் தாளும் இருக்கும். படம் அதில் அழகாக வந்திருக்கும். கடைக்காரர் அதே கோப்பைத் தன் பெரிய இயந்திரத்துக்கு அனுப்புவார். இயந்திரம் பல நிமிடங்கள் யோசிக்கும். கடைசியில் ஃபிலிம் வராது, "லிமிட்செக்" என்ற ஒரு வார்த்தை மட்டும் வரும்!

சின்ன பிரிண்டரில் ஓடிய கோப்பு பல மடங்கு விலையுள்ள இயந்திரத்தில் ஏன் படுத்துக்கொண்டது? வீணான நேரத்துக்கும் ஃபிலிமுக்கும் யார் பணம் கொடுப்பது? இந்தச் சண்டைக்கான பதில், வெக்டர் கோப்பு என்றால் உண்மையில் என்ன என்பதில் இருக்கிறது.

தோசையும் செய்முறையும்

புகைப்படக் கோப்பு என்பது தட்டில் வைத்த தோசை மாதிரி. எந்தப் புள்ளியில் எந்த நிறம் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். கணினி அதை எடுத்துக் காட்டினால் போதும்.

வெக்டர் கோப்பில் தோசை கிடையாது, செய்முறைதான் இருக்கும். "இங்கிருந்து தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி, உள்ளே சிவப்பு நிரப்பு" என்ற கட்டளைகள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கணினி முதலிலிருந்து சமைக்க வேண்டும். அதனால்தான் ஒரு லோகோவை விசிட்டிங் கார்டிலும் போடலாம், தெருவை அடைக்கும் பேனரிலும் போடலாம், தரம் குறையாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. செய்முறை ஒரே பக்கம்தான், ஆனால் அதில் "இதை ஒரு லட்சம் முறை செய்" என்று ஒரு வரி இருந்தால்? கோப்பு சின்னதாகவே இருக்கும், வேலை மலைபோல் இருக்கும். கோப்பின் அளவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஜெராக்ஸை விட்டு வெளியே வந்த இருவர்

ஜான் வார்னாக், சார்ல்ஸ் கெஷ்கி இருவரும் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். பக்கத்தை விவரிக்கும் இன்டர்பிரஸ் என்ற மொழியை அங்கே உருவாக்கினார்கள். ஜெராக்ஸ் அதைச் சந்தைக்குக் கொண்டுவரத் தயங்கியதால், 1982இல் வெளியேறி அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது.

போஸ்ட்ஸ்கிரிப்ட் வெறும் கோப்பு வகை அல்ல, முழுமையான நிரல்மொழி. அதில் லூப் உண்டு, நிபந்தனை உண்டு, புதிய கட்டளைகளை நாமே உருவாக்கவும் முடியும். இதனால் எந்தக் கம்பெனி பிரிண்டராக இருந்தாலும் ஒரே கோப்பு போதும் என்ற நிலை வந்தது. டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற தொழிலே இதன் மேல்தான் எழுந்தது.

1985 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டரை அறிமுகப்படுத்தியது. விலை 6,995 டாலர். உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா 68000 சிப், 1.5 எம்பி நினைவகம். அதனுடன் இணைக்கப்பட்ட மெக்கின்டாஷ் கணினியின் சிப் வேகமோ 8 மெகாஹெர்ட்ஸ்தான். செய்முறையைப் படித்துச் சமைக்கும் வேலை முழுவதும் பிரிண்டர் தலையில் விழுந்ததால், கணினியைவிட பிரிண்டர் பலசாலியாக இருக்க வேண்டியிருந்தது!

அந்த 1.5 எம்பி எங்கே போனது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், எட்டரைக்குப் பதினோரு அங்குலத் தாளில் சுமார் 84 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் என்றால் ஒரு எம்பி காலி. மீதி அரை எம்பியில்தான் எழுத்துருக்கள், வரைகோடுகள், கட்டளைகள் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

1500 என்ற எல்லைக்கோடு

இடம் இவ்வளவு குறைவு என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு ரேஷன் அளவு இருந்தது. அடோபியின் மொழிக் கையேட்டில், முதல் தலைமுறைக் கருவிகளுக்கான வழக்கமான அளவு இது: ஒரே நேரத்தில் நினைவில் இருக்கும் பாதைகள் அனைத்திலும் சேர்த்து 1500 புள்ளிகள். அதைத் தாண்டினால் வருவதுதான் "லிமிட்செக்".

1987இல் அடோபி இல்லஸ்ட்ரேட்டர், 1988இல் ஆல்டஸ் ஃப்ரீஹேண்ட், 1989இல் கோரல் ட்ரா என்று வரிசையாக வந்தன. ஸ்கேன் செய்த படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றும் ஆட்டோ டிரேஸ் வசதியும் வந்தது. கையால் இருபது புள்ளியில் வரைவதை அது பல நூறு புள்ளிகளில் வரைந்து தள்ளியது. 1500 எந்த மூலைக்கு?

சின்ன பிரிண்டரில் ஓடி, பெரிய இயந்திரத்தில் நின்ற மர்மமும் இங்கேதான் இருக்கிறது. இந்த மென்பொருள்களின் வளைவுகள், பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தின் பியர் பெசியே பெயரால் அழைக்கப்படுபவை. சித்ரோயென் நிறுவனத்தின் பால் தெ காஸ்தெல்ஜோவும் அதே வழியைத் தனியே கண்டுபிடித்திருந்தார். கருவி இந்த வளைவை நேரடியாக வரைவதில்லை. சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைத்துத்தான் வரைகிறது. எவ்வளவு நுணுக்கமாக உடைப்பது என்பதற்கு 'ஃப்ளாட்னஸ்' என்று பெயர். அதன் அலகு அந்தக் கருவியின் ஒரு புள்ளி.

லேசர்ரைட்டரில் ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 300இல் ஒரு பங்கு. லினோட்ரானிக் 300 போன்ற ஃபிலிம் இயந்திரத்தில் 2540இல் ஒரு பங்கு. ஃப்ளாட்னஸ் எண் ஒன்றாகவே இருந்தாலும், பெரிய இயந்திரம் அதே வளைவை ஏறக்குறைய மூன்று மடங்கு துண்டுகளாக உடைக்க வேண்டும். மாதிரித் தாளில் தப்பித்த கோப்பு ஃபிலிமில் எல்லையைத் தாண்டிவிடும். வடிவமைப்பாளரும் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை!

மருந்தும் இந்தக் காரணத்திலிருந்தே பிறந்தது. ஃப்ளாட்னஸ் எண்ணைக் கூட்டினால் துண்டுகள் குறையும். 2540 புள்ளித் தரத்தில் மூன்று நான்கு புள்ளி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு வழி, நீண்ட பாதையைப் பல சிறு பாதைகளாக வெட்டுவது. இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கென்றே ஒரு வசதி சேர்க்கப்பட்டது. ஆனால் வெட்டிய படத்தைத் திரும்ப ஒட்டித் திருத்துவது பெரும்பாடு. அதனால் மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு நகலைத்தான் வெட்டுவார்கள்.

அதிகாரம் பிடுங்கப்பட்டது

1990களின் தொடக்கத்தில் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டாம் நிலை, இந்த ரேஷன் முறையைப் பெரும்பாலும் ஒழித்தது. நினைவகம் உள்ளவரை எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அடிப்படைச் சிக்கல் போகவில்லை. கோப்பு ஒரு நிரல். ஒரு நிரல் முடியுமா, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்பதை எல்லா நேரத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவழி கிடையாது என்று 1936லேயே ஆலன் டூரிங் நிரூபித்திருந்தார்.

வார்னாக்கே இதற்கு ஒரு விடை தேடினார். 1993இல் வந்த பிடிஎஃப்பில் வரையும் முறை போஸ்ட்ஸ்கிரிப்டினுடையதுதான். ஆனால் பக்கத்தை விவரிக்கும் கட்டளைகளில் லூப்பும் இல்லை, நிபந்தனையும் இல்லை. கோப்பின் சக்தி குறைந்தது, நம்பகத்தன்மை கூடியது. 2000இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல் இல்லஸ்ட்ரேட்டர் கோப்பும் பிடிஎஃப் அடிப்படைக்கு மாறியது.

பாடத்தை எல்லோரும் படிக்கவில்லை. விண்டோஸின் டபிள்யூஎம்எஃப் வெக்டர் கோப்பில், அச்சடிப்பதை இடையில் ரத்து செய்வதற்காக ஒரு பழைய வசதி இருந்தது. படக் கோப்புக்குள்ளிருந்தே நிரலை ஓடவைக்க அது வழிவிட்டது. 2005 டிசம்பர் இறுதியில் இந்த ஓட்டை வழியாகத் தாக்குதல்கள் தொடங்கின. ஒரு படத்தைப் பார்த்தாலே கணினி கைமாறும் நிலை! மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான நாள் வரை காத்திருக்காமல் 2006 ஜனவரி 5 அன்று திருத்தத்தை வெளியிட்டது.

2001 செப்டம்பரில் இணையத்துக்கான தரமாக வந்த எஸ்விஜி, எழுத்துக்கோப்பாகவே திறந்து படிக்கக்கூடிய வெக்டர். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு உருவத்தைப் பத்து முறை பயன்படுத்து, அந்தத் தொகுப்பைப் பத்து முறை பயன்படுத்து என்று ஒன்பது அடுக்கு எழுதினால், சில வரிக் கோப்பு நூறு கோடி உருவங்களைக் கேட்கும். எந்த மென்பொருளும் தாங்காது.

கடைசியில் பழைய நிரல்மொழிக்கே கதவுகள் மூடத் தொடங்கின. 2017 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில் இபிஎஸ் படங்களைச் சேர்க்கும் வசதி பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்தப்பட்டது. 2022இல் வந்த மேக் வென்ச்சுராவில் பிரிவியூ மென்பொருளும் போஸ்ட்ஸ்கிரிப்ட், இபிஎஸ் கோப்புகளைத் திறப்பதைக் கைவிட்டது.

வரலாறு சொல்லித்தரும் வைத்தியம்

இதையெல்லாம் தெரிந்துகொண்டால், ஒரு வெக்டர் கோப்பு மென்பொருளைக் கவிழ்க்கும்போது "ஃபைல் கரப்ட்" என்று உடனே தூக்கிப்போட மனம் வராது. எந்தக் கட்டளையை முடிக்க முடியவில்லை என்றுதான் தேடத் தோன்றும்.

தேடும் வழி, வணிகவியல் மாணவர்களுக்குப் பழகியதுதான். இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் பேரேட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதில்லையா? அதே முறை. கோப்பை நகலெடுத்து, பாதிப் பொருள்களை நீக்கிச் சேமித்துப் பார்க்க வேண்டும். பிழை வரவில்லை என்றால் குற்றவாளி நீக்கிய பாதியில் இருக்கிறான். பிழைக்குக் காரணம் ஒரே பொருள் என்றால், ஆயிரம் பொருள்கள் இருந்தாலும் பத்தே முறையில் பிடித்துவிடலாம். பெரும்பாலும் மாட்டுவது ஆட்டோ டிரேஸ் செய்த படமாகவோ, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மாஸ்க்காகவோ, கெட்டுப்போன எழுத்துருவாகவோ இருக்கும்.

கோப்பு திறக்கவே இல்லையா? இல்லஸ்ட்ரேட்டர் கோப்பு வழக்கமான முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் உள்ளே ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கும். பிடிஎஃப் படிக்கும் வேறு மென்பொருளில் திறந்தால் பல நேரம் படம் மீண்டுவிடும். 1993இல் லூப்புகளைப் பிடுங்கி எறிந்ததன் பலன், இன்று இரவு பன்னிரண்டு மணிக்கு டெட்லைனோடு போராடும் ஒருவருக்குக் கிடைக்கிறது.

கெஷ்கி 2021இலும் வார்னாக் 2023இலும் மறைந்தார்கள். கோப்புக்குச் சிந்திக்கும் சக்தியைக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தச் சக்தி எவ்வளவு இருந்தால் போதும் என்று அளந்து குறைத்ததும் அவர்கள் தொடங்கிய நிறுவனமே.