சரிகையும் செவிப்பொறியும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் ஓரத்திலிருந்து ஒரு சரிகை இழையை உருவி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். பொன்னிறமாகத் தெரிவது கம்பி அன்று, நாடா. நடுவில் சிவப்புப் பட்டு நூல் ஒன்று ஓடுகிறது. அதன்மேல் தட்டையாக்கப்பட்ட மெல்லிய வெள்ளி இழை, கொடி மரத்தைச் சுற்றுவதுபோல நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. வெள்ளியின் மேல் தங்க முலாம். அசல் சரிகையைச் சுரண்டினால் சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்று பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சொல்வது இதனால்தான்.

இப்போது பழைய தொலைபேசியின் கைப்பிடி வடத்தையோ, பழைய ஹெட்போனின் வடத்தையோ அறுத்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? நடுவில் ஒரு நூல். அதன்மேல் சுற்றிய தட்டையான செப்பு நாடா. வெள்ளிக்குப் பதில் செம்பு, பட்டுக்குப் பதில் பெரும்பாலும் பருத்தி அல்லது செயற்கை நூல். மற்றபடி இது சரிகையேதான்.

ஏன் இப்படி? ஒரு செப்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அது விரைவில் ஒடிந்துவிடும். கம்பி வளையும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. கம்பி தடிமனாக இருந்தால் இந்த வேறுபாடு மிகுதி. நாடா மிக மெல்லியதாக இருந்து, திருகுச் சுருளாக நூலைச் சுற்றியிருந்தால், வளைவின் பளு உலோகத்தின்மேல் ஏறுவதில்லை. இழுவிசையை நூல் தாங்கிக்கொள்கிறது. உடுத்தி, மடித்து, அலசி, பல தலைமுறை பழகும் சேலைக்கு வேண்டிய குணமும் இதுவே. நாள்தோறும் நூறு முறை இழுபடும் தொலைபேசி வடத்துக்கு வேண்டிய குணமும் இதுவே. ஒலிபெருக்கிக்குள் ஆடிக்கொண்டே இருக்கும் கூம்புக்கு மின்னோட்டம் கொண்டுபோகும் பின்னற் கம்பியும் இவ்வகையைச் சேர்ந்ததுதான்.

சரிகை மின்சாரத்தைக் கடத்துமா என்று கேட்கிறீர்களா? உலோகம் உலோகம்தானே! 1997-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் என்ற இருவர், துணியிலேயே மின்சுற்று அமைக்க முயன்றபோது, அவர்கள் கையில் எடுத்த பொருள்களில் ஒன்று இந்தியாவில் நெய்த மெல்லிய பட்டுத் துணி. அதன் ஊடை இழைகளில் உலோக நாடா சுற்றியிருந்தது. பாவின் திசையில் வெறும் பட்டு. ஆகவே ஊடைத் திசையில் மின்சாரம் ஓடும், பாவுத் திசையில் ஓடாது. மின் கம்பிகளை அடுக்கிக் கட்டிய வடம் ஒன்று, நெசவாலேயே அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

வடத்தைப் பற்றி இவ்வளவு போதும். வடத்தின் முனையில் இருக்கும் பொறிக்கு வருவோம். கடைக்காரர்கள் இதை ‘டிரைவர்’ என்பார்கள். ஹெட்போனைத் திறந்து, பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, ‘இப்போது ஒலி எப்படி மாறிவிட்டது பார்!’ என்று வியக்கும் இளைஞர்கள் இன்று பலர். மாற்றம் மெய்யானதா, மனம் செய்யும் மாயமா? இந்தக் கேள்விக்கு விடை காண, பொறி வளர்ந்த வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

1924-இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி, அந்த ஆண்டிலேயே ஒலிபரப்பும் செய்தார்கள். அவர்களுடைய முதல் ஒலிபரப்பி 40 வாட்டு. ஒரு சாதாரண மின்விளக்கின் அளவு! வால்வு வைத்த ரேடியோ விலை மிக்கது. எளியவர்களுக்குப் படிக ரேடியோதான் துணை. அதில் மின்கலம் கிடையாது. வானில் வந்த அலையின் ஆற்றலே ஒலியாக வேண்டும். 70 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் காஞ்சிபுரத்தில் அந்த 40 வாட்டு, படிகத்தை அசைத்திருக்க வாய்ப்பு அரிது; சென்னை நகருக்குள்ளேயே அமைதியான அறையில் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்க வேண்டும். 1927-இல் பணமின்றிக் கழகம் மூடப்பட்டது. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்றது. 1938-இல் அகில இந்திய வானொலி வந்தது.

அந்தக் காலத்து ஹெட்போனுக்குள் இருந்தவை மூன்றே பொருள்கள்: ஒரு நிலைக்காந்தம், அதன் முனைகளில் தலைமுடியினும் மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள்கள், அவற்றின் எதிரே ஓர் இரும்புத் தகடு. அந்தக் கம்பிக்கு மின்காப்பாக இருந்ததும் பல வேளைகளில் பட்டு நூல் சுற்றுத்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.

மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அதுவே காந்தம் ஆகிறதே, பிறகு நிலைக்காந்தம் எதற்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரும்பை இழுக்கும் விசை, காந்தப் பாயத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். நிலைக்காந்தம் இல்லை என்று வையுங்கள். மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது பாயம் +1, விசை 1. எதிர்த்திசையில் −1, அதன் வர்க்கமும் 1. இரு திசையிலும் தகடு உள்ளேதான் இழுபடும். ஆகவே ஓர் அலைக்கு இரண்டு ஆட்டம். பாடகர் பாடிய சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறிக் கேட்கும்! இப்போது 10 அளவுள்ள நிலைக்காந்தத்தை வையுங்கள். சும்மா இருக்கும்போது விசை 100. மின்னோட்டம் ஒரு திசையில் வந்தால் 11-இன் வர்க்கம் 121. எதிர்த்திசையில் 9-இன் வர்க்கம் 81. கூடுதல் 21, குறைவு 19. ஒலி அலையைத் தகடு ஏறத்தாழ அப்படியே பின்பற்றுகிறது. விசையின் மாற்றமோ முன்பிருந்த 1-ஐப் போல இருபது மடங்கு. நிலைக்காந்தம் ஒலியைத் திருத்தவும் செய்கிறது, பெருக்கவும் செய்கிறது.

ஆனால் 21-உம் 19-உம் சமமில்லையே! அந்தச் சிறு கோணல்தான் திரிபு. ஒலி உரக்க உரக்க இது கூடும். இன்னொரு குறையும் உண்டு. இரும்புத் தகட்டுக்கு, கோயில் மணிக்கு இருப்பதுபோல, இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. பழைய ஹெட்போன்களில் அது பெரும்பாலும் 1000 ஹெர்ட்சை ஒட்டி இருந்தது. அந்த இடத்தில் ஒலி எகிறும். மற்ற இடங்களில் மெலியும். பேச்சு புரியும், மோர்ஸ் தந்தி நன்றாகக் கேட்கும். வீணையின் கீழ்த்தந்தியும் ஜாலராவின் ஓசையும் வராது. படிக ரேடியோக்காரர் இதைக் குறையாக எண்ணவில்லை. ஆற்றல் அரிதான இடத்தில் எகிறும் தகடு ஒரு வரப்பிரசாதம்.

முதல் பெரிய திருத்தத்தைச் செய்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நதானியல் பால்ட்வின். 1910-இல் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அவர் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அவர் இரும்பையே தகடாக வைக்கவில்லை. சிறிய இரும்புத் துண்டு ஒன்றைக் காந்த முனைகளின் நடுவே சமநிலையில் நிறுத்தி, அதன் ஆட்டத்தை மெல்லிய தண்டின் வழியே அப்பிரகத் தகட்டுக்குக் கொண்டுசென்றார். இருபுறமும் இழுவை சமம் என்பதால் நாம் கணக்கிட்ட கோணல் பெருமளவு தீர்ந்தது. காதுகேளார் கருவிகளிலும், மேடைப் பாடகர் காதுக்குள் செருகிக்கொள்ளும் கருவிகளிலும் இன்றும் இருப்பது இந்தச் சமநிலைத் தத்துவமே.

அடுத்த பாய்ச்சல் இயங்கு சுருள். இங்கே இரும்பு ஆடுவதில்லை. சுருளே தகட்டோடு ஒட்டிக்கொண்டு காந்த இடைவெளியில் ஆடுகிறது. விசை மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் அமைவதால் வர்க்கத்தின் தொல்லை இல்லை. எர்னஸ்ட் வெர்னர் சீமென்ஸ் 1870-களிலேயே இக்கருத்துக்கு உரிமம் பெற்றிருந்தும், ஹெட்போனுக்கு அது வர 1937 ஆயிற்று. அவ்வாண்டில் ஜெர்மனியில் ஆய்கன் பையரின் டிடி 48 வெளிவந்தது. 1958-இல் ஜான் காஸ் இரு செவிக்கும் தனித்தனி ஒலி தரும் ஹெட்போனை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1968-இல் சென்ஹைசரின் திறந்த வகை ஹெட்போன், 1979-இல் சோனியின் வாக்மன். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நியோடிமியம் காந்தம் கண்டறியப்பட்ட பிறகு, ஒரு பட்டாணி அளவு காந்தமே போதும் என்றாயிற்று.

இனித் தகட்டின் கதை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. தகடு இலேசாக இருக்க வேண்டும்; விறைப்பாக இருக்க வேண்டும்; தட்டினால் தானாக ரீங்கரிக்கவும் கூடாது. மூன்றும் ஒரே பொருளில் அமைவது கடினம். உலோகம் விறைப்பு, ஆனால் ரீங்கரிக்கும். காகிதம் அடங்கும், ஆனால் ஈரத்தில் மாறும். பாலியெஸ்டர் படலம் மலிவு. இன்றைய ஹெட்போன்களில் பெரும்பாலும் அதுதான். 1989-இல் சோனி தன் ஆர்10 ஹெட்போனில் பாக்டீரியா வளர்த்த செல்லுலோசைத் தகடாக்கியது. உயர் சுரங்களுக்கான ஒலிபெருக்கிகளிலோ, பிசின் தோய்த்த பட்டுத் துணியைக் குமிழாக வார்த்து வைப்பவர்கள் உண்டு. பட்டின் இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து, வேண்டாத அதிர்வை வெப்பமாக்கி விழுங்கிவிடுகின்றன.

தகட்டின்மேல் பொருளை ஏற்றி அதிர்வை ஆளலாம் என்பது நம் மிருதங்கக் கைவினைஞருக்கு என்றோ தெரிந்த செய்தி. வெறும் தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. நடுவில் கரிய சாதத்தைப் படிப்படியாக ஏற்றினால், அவை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக வந்து அமைகின்றன. சி. வி. இராமன் இதை 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்தும், 1934-இல் விரிவாகவும் எழுதினார். ஹெட்போன் செய்பவருடைய நோக்கம் இதற்கு நேர்மாறு: அவருடைய தகட்டுக்குச் சொந்தக் குரலே இருக்கக் கூடாது.

சரி, டிரைவரை மாற்றிவிட்டீர்கள். ஒலியை எப்படி ஒப்பிடுவது? முதலில் எதைக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய இசைத்தட்டின் நகல் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1925-க்கு முன் ஒலிப்பதிவு மின்சாரமின்றி, கூம்பின் வழியே நடந்தது. ஏறத்தாழ 2500 ஹெர்ட்சுக்கு மேல் அதில் அநேகமாக ஒன்றும் பதியவில்லை. 20,000 ஹெர்ட்சு வரை எட்டும் டிரைவரைப் பொருத்தினால் அம்மையாரின் குரல் தெளிந்துவிடாது. தட்டின் இரைச்சல்தான் தெளிவாகக் கேட்கும். அதற்காக டிரைவரைக் குறை சொல்வது நியாயமா?

இரண்டாவது, உரப்பு. 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் செவியின் இயல்பை ஹெட்போன் வைத்தே அளந்தார்கள். ஒலி மெல்ல ஒலிக்கும்போது கீழ்ச் சுரங்கள் செவிக்கு மிகவும் மங்கிவிடுகின்றன. உரக்க ஒலித்தால் அவை எழுந்து வருகின்றன. ஆகவே புதிய டிரைவர் பழையதைவிட ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் உரக்க ஒலித்தாலே ‘கனமான ஒலி’ என்று மனம் சொல்லிவிடும். 64 ஓம் பொறிக்குப் பதில் 32 ஓம் பொறியை வைத்தால் இது எளிதில் நேரும்.

மூன்றாவது, பெட்டி. ஹெட்போனின் ஒலியில் டிரைவருக்குப் பாதி பங்கு என்றால், பின்னுள்ள காற்றறை, துளைகளை மூடிய துணி, செவியணையின் பஞ்சு ஆகியவற்றுக்கு மறுபாதி. பஞ்சு நைந்து காற்றுக் கசிந்தால் கீழ்ச் சுரம் போய்விடும். புதிய டிரைவரோடு புதிய பஞ்சையும் போட்டுவிட்டு, பெருமையை டிரைவருக்குக் கொடுப்பவர்கள் பலர். விலை உதவுமா? 2017-இல் யெருன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை.

நான் சொல்லும் வழி இது. ஒரு பக்கத்தில் மட்டும் டிரைவரை மாற்றுங்கள். மறுபக்கத்தில் பழையது இருக்கட்டும். இரு பக்கத்துக்கும் ஒரே ஒலி போகும்படி ஒற்றைத்தட ஒலியை வையுங்கள். உரப்பைச் சமன்செய்யுங்கள். பிறகு ஹெட்போனை வலம் இடமாகத் திருப்பித் திருப்பி அணிந்து, ஒரே காதால் இரண்டையும் கேளுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் கண்ணைக் கட்டி, எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் அணிவித்தால் இன்னும் நல்லது. செவியின் நினைவு மிகக் குறுகியது. நேற்றுக் கேட்டதை இன்று கேட்டதோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னால் அது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஒன்பது முறை என்றால் ஏதோ மெய்யாகவே மாறியிருக்கிறது.

பற்றவைக்கும்போது ஒரு கவனம். வடத்துக்குள் இருக்கும் இழைகளின்மேல் பெரும்பாலும் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சூட்டால் போக்கினால்தான் ஈயம் பிடிக்கும். நடுவில் இருக்கும் நூலோ சூட்டில் கருகும். சூட்டுக்கோலை நெடுநேரம் வைத்தால் நூல் போய், நாடா மட்டும் தனியே நின்று, நான்கு நாளில் அறுந்துவிடும். கடைசியாக, 1.5 வோல்ட்டு மின்கலத்தை ஒரு கணம் மட்டும் முனைகளில் தொட்டுப் பாருங்கள். இரு பக்கத் தகடுகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால், பாடகரின் குரல் தலையின் நடுவே நிற்காமல் இருபுறமும் சிதறிக் கேட்கும். அப்போது ஒரு பக்கத்துக் கம்பிகளை மாற்றிப் பொருத்தினால் போதும். டிரைவரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.