சாரலுக்குத் தப்பிய கண்ணாடி

பறவை பார்க்க பைனாகுலர் வாங்கப்போவதாக என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் தண்ணீர் உள்ளே போகுமா என்று கேளுங்கள். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதெல்லாம் அப்புறம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்காசித் தெருவில் ஒரு தூறலைப் போட்டுவிட்டு ஓடிவிடும். குற்றாலத்தில் அது நாள்கணக்கில் தங்கும். பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கிற ஊரில் லென்சு மட்டும் எப்படித் தப்பும்?

இந்த மலைகளில் பறவையை அடையாளம் காணும் வேலை ஒரு காலத்தில் துப்பாக்கியோடு நடந்தது. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது, சுட்டுப் பாடம் செய்துவைப்பதுதான் முறை. (செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, 1956இல்தான் நம் பக்கம் வந்தது.) பறவை கையில் இருந்தால் சிறகை விரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். சுடாமல் அதே தீர்ப்பைச் சொல்லக் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும்; அது சாதாரண மனிதன் வாங்குகிற விலையில் கிடைக்கவும் வேண்டும்.

முப்பட்டகங்களைக் கொண்டு தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்தும் வழிக்கு இத்தாலிக்காரர் இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை வாங்கினார். அதற்கேற்ற தரமான கண்ணாடி வார்க்க ஆளில்லாமல் அது நாற்பது வருஷம் தூங்கியது. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே முயற்சியில் புதுக் கண்ணாடி கிடைத்த பிறகு, 1894இல் ஜைஸ் கம்பெனி முப்பட்டக பைனாகுலரை விற்பனைக்கு விட்டது. அதிலும் ஒரு கசிவு. ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கைத் திருப்பியடிக்கும். பத்துப் பரப்பைக் கடந்து கண்ணுக்கு வருவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1935இல் அதே கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மகுலா லென்சின்மேல் மெல்லிய பூச்சு ஏற்றி இழப்பைக் குறைத்தார். முதலில் அது ராணுவ ரகசியம். இன்று ஐயாயிரம் ரூபாய் பைனாகுலரில்கூட ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது.

எங்கள் தலைமுறைக்கு இந்த விலைப் பேச்சே கிடையாது, கிடைத்ததுதான் பைனாகுலர். இறக்குமதிக் கெடுபிடி தளர்ந்தது 1991க்குப் பிறகு. அதுவரை சென்னை பர்மா பஜாரில் துழாவ வேண்டும், இல்லாவிட்டால் வளைகுடாவிலிருந்து கடையநல்லூருக்கு லீவில் வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கைக்கு வந்தவை பெரும்பாலும் சோவியத் 8×30 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்லென்சு 30 மி.மீ. அகலம்). அதிர்ஷ்டக்காரர்களுக்கு யேனாவின் 8×30. இரண்டும் போரோ வகை, தோள் அகன்றவை.

அதே சமயம் வெளிநாட்டுப் பணக்காரர்கள் லைட்ஸ் கம்பெனியின் டிரினோவிட் போன்ற ஒல்லியான நேர்க்குழாய் பைனாகுலர்களுக்கு மாறியிருந்தார்கள். அவை கூரை முப்பட்டக வகை. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவன் என்ற முறையில் இந்த இடத்தை நான் ரசித்துச் சொல்வேன்: முப்பட்டகத்தின் அந்தக் கூரை போன்ற முகடு வெளிச்சத்தை இரண்டாகப் பிளந்து மறுபடி சேர்க்கிறது, சேரும்போது அலைகள் ஒத்துப்போகாமல் படம் லேசாக மங்குகிறது. 1988இல் ஜைஸ் இதைச் சரிக்கட்ட ஒரு பூச்சு கொண்டுவரும்வரை, கூர்மையில் நல்ல போரோ ஒன்று பல மடங்கு விலை கொடுத்த கூரை வகையோடு தாராளமாகப் போட்டி போட்டது.

ஆனால் போரோவுக்குக் குற்றாலம் ஆகாது. குவியத்தைத் திருப்பத் திருப்ப அதன் கண்வில்லைக் குழல்கள் வெளியே போய் உள்ளே வரும். சைக்கிள் பம்பு மாதிரி ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்றை இழுக்கும். என் பழைய 8×30இன் முப்பட்டகத்தில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்தது அப்படித்தான். பூஞ்சை பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. கழற்றித் துடைப்பவர் கைதேர்ந்தவராக இல்லாவிட்டால் இரண்டு குழலும் வேறு வேறு திசை பார்க்கும், நமக்குத் தலைவலி மிச்சம். கூரை வகையில் குவிய லென்சு குழலுக்கு உள்ளேயே நகர்வதால் சுற்றிலும் அடைத்து நைட்ரஜன் நிரப்புவது சுலபம். ஒரு காலத்தில் அதற்குத்தான் பெரிய காசு.

இன்று இருபது, முப்பதாயிரத்துக்குக் கிடைக்கும் 8×42இல் நைட்ரஜன், 1988இன் பூச்சு இரண்டும் உண்டு. பலவற்றில் நிறப்பிசிறைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடியும் உண்டு. ஸ்வரோவ்ஸ்கி, ஜைஸ், லைக்காவின் உச்ச வகைகளோ லட்சங்களில். என்ன வித்தியாசம்? வெள்ளை மேகத்துக்கு எதிரே பறக்கும் இருவாச்சியின் ஓரத்தில் ஊதாக் கோடு தெரியாது. படம் விளிம்புவரை கூர்மையாக இருக்கும். அந்தியில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வரும். கொஞ்சம் என்றால் நூற்றுக்குச் சில பங்கு. 42ஐ 8ஆல் வகுத்தால் இரண்டிலும் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5.25 மி.மீ.தான், வயது ஏற ஏறக் கண்பாப்பா இருட்டில் விரிவதும் குறையும்.

2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் ஏட்ரீ அமைப்பு தன்னார்வலர்களோடு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. குளத்தங்கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கே இரண்டு லட்ச ரூபாய் பைனாகுலரைவிட, நடுத்தர பைனாகுலரும் மீதிப் பணத்தில் முக்காலியோடு ஒரு தொலைநோக்கியும்தான் உதவும். அக்கரை வாத்துக்கூட்டத்துக்கு எட்டு மடங்கு போதாது. விலையைப் பார்த்து மலைப்பவர்கள், 1912இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளலாம், பல கேமராக்களின் உதிரிகளைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டு காட்டுயிர் படமெடுத்தவர் அவர்.

குற்றாலத்து மரநிழலில், சாரல் நாளில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மட்டும் உச்ச வகை ஜெயிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விருந்தாளி ஒருவருடையதை வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் விளிம்புவரை கூர்மை என்ற அந்தக் கடைசிப் பெருமையும் இப்போது கீழ்விலைக்கு இறங்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அவசரமில்லை.