வயதுக் கோடு: அமெரிக்கச் சட்டங்களும் அயல்நாட்டு வளர்ந்த குழந்தைகளின் தத்தெடுப்பும் (1948–2001)

அயல்நாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்த அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கைக்குழந்தையையே மையமாகக் கொண்டுள்ளன. ஏழு, பத்து, பதினான்கு வயதில் கடல் கடந்தோர் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். தாய்மொழியையும் பழைய பெயரையும் உடன்பிறந்தோரின் நினைவையும் உடன் கொண்டுசென்றவர்கள் இவர்களே. இவர்களுள் யார் செல்லலாம் என்பதைக் குடும்பத்தின் விருப்பமும் குழந்தையின் தேவையும் மட்டும் முடிவு செய்யவில்லை. குடியேற்றச் சட்டத்தில் எழுதப்பட்ட ஓர் எண்ணும் முடிவு செய்தது. அவ்வெண் எங்ஙனம் மாறியது, அம்மாற்றம் குடும்பங்களுக்குள் எதைப் பிரித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதினாறும் பத்தும்

1948ஆம் ஆண்டின் இடம்பெயர்ந்தோர் சட்டம் ஐரோப்பாவின் பெற்றோரற்ற குழந்தைகளுக்கு 3,000 விசாக்களை ஒதுக்கியது. வயது வரம்பு 16. போர் முடிந்து மூன்றாண்டுகள் கடந்திருந்த அக்காலத்தில், முகாம்களில் துணையின்றி எஞ்சியிருந்தோருள் பதின்ம வயதினர் மிகுதி. ஆகவே அவ்வரம்பு நடைமுறையோடு ஒட்டியிருந்தது. எனினும் அங்ஙனம் வந்த பதின்ம வயதினருள் பலர் முறைப்படி தத்தெடுக்கப்படவில்லை. வளர்ப்பு இல்லங்களில் தங்கி, பின்னர்த் தம் வழியில் சென்றனர்.

1953ஆம் ஆண்டின் அகதிகள் நிவாரணச் சட்டம் 4,000 விசாக்களை அளித்து, வயது வரம்பை 10 ஆகக் குறைத்தது. ஒரு தம்பதியர்க்கு இரு குழந்தைகள் என்ற வரையறையும் இருந்தது. கொரியப் போருக்குப் பின் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுக்க விழைந்த ஆரிகன் மாநிலத்து ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் இணையர்க்கு இவ்வரையறை தடையாயிற்று. அவர்களுக்கு முன்பே ஆறு பிள்ளைகள் இருந்தனர். 1955இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் ஹோல்ட் எட்டுக் குழந்தைகளுடன் ஊர் திரும்பிய செய்தி நாடெங்கும் பரவி, கொரியக் குழந்தைகளைத் தத்தெடுக்கும் வேட்கையைத் தூண்டியது. அவ்வெண்மரும் மிகச் சிறு வயதினர் என்பது இங்கு நோக்கத்தக்கது. அயல்நாட்டுத் தத்தெடுப்பு என்றால் மழலையைத் தத்தெடுத்தல் என்னும் பொதுக்கருத்து வேரூன்றியதில் அக்காட்சிக்குப் பங்குண்டு எனக் கருதலாம்.

உடன்பிறந்தோர்

1957ஆம் ஆண்டுச் சட்டம் விசாக்களின் மொத்த எண்ணிக்கைக்கான வரம்பை நீக்கி, வயதை 14 ஆக உயர்த்தியது. இரு குழந்தைகள் என்ற வரையறை நீடித்தது. ஆயினும் உடன்பிறந்தோர் பிரிக்கப்படுவதைத் தவிர்ப்பதற்காக அதை மீறலாம் என்று சட்டமே கூறியது. இவ்விலக்கு எண்ணிக்கைக்கு மட்டுமே உரியது. வயதுக்கு அத்தகைய விலக்கு இல்லை. மேலும், விசா வழங்கப்படும் நாளில் குழந்தைக்கு என்ன வயது என்பதே கணக்கில் கொள்ளப்பட்டது. பதின்மூன்று வயதில் விண்ணப்பத்தில் இடம்பெற்ற அக்காள், கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு நகர்வதற்குள் பதினான்கைத் தொட்டால், தம்பி தங்கையர் மட்டுமே பயணம் செய்ய முடியும். உடன்பிறந்தோரைப் பிரிக்கலாகாது என்று சொன்ன அதே சட்டம் இப்பிரிவுக்கும் இடம் தந்தது.

1961இல் இவ்வேற்பாடு நிரந்தரமாயிற்று. 1981இல் வரம்பு 16 ஆயிற்று. பதினாறைக் கடந்த அண்ணனோ அக்காளோ, இளையவரைத் தத்தெடுத்த அதே பெற்றோரால் 18 வயதுக்குள் தத்தெடுக்கப்படலாம் என்ற திருத்தம் 1999 டிசம்பரில்தான் வந்தது. எண்ணிக்கைக்குத் தந்த விலக்கை வயதுக்கும் தர 42 ஆண்டுகள் ஆயின.

அனுப்பும் நாட்டின் நோக்கு

குழந்தைகளை அனுப்பிய நாடுகளில் வயது வேறு பொருள் பெற்றது. இந்தியாவில் வழக்கறிஞர் லக்ஷ்மி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்திற்கு எழுதிய கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1984இல் நீதிபதி பி. என். பகவதி வழங்கிய தீர்ப்பு, அயல்நாட்டுத் தத்தெடுப்பு இயன்றவரை மூன்று வயது நிறைவதற்குள் நிகழ்வது நன்று என்றது. சிறுவயதில் சென்றால் புதிய சூழலோடு ஒன்றுவது எளிது என்பது அதன் காரணம். மூன்றைக் கடந்தோரை அது விலக்கவில்லை. ஏறத்தாழ ஏழு வயதை எட்டிய குழந்தையின் விருப்பத்தையும் கேட்டறியலாம் என்றது. அமெரிக்கச் சட்டத்தின் எண் யார் நுழையலாம் என்று கேட்டது. இத்தீர்ப்பின் எண் யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டது. உலக அளவில் இக்கருத்து 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இடம்பெற்றது. குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் விருப்பம் கருதப்பட வேண்டும் என்பது அதன் நான்காம் பிரிவு.

கொரியாவில் கேட்பதற்கான வாய்ப்பே பலமுறை பறிக்கப்பட்டது. பெற்றோர் உயிருடன் இருந்த குழந்தைகளும் அநாதையாகப் பதிவு செய்யப்பட்டனர். தனியே ஒருவரைக் குடும்பத் தலைவராகக் காட்டும் 'அநாதைப் பதிவேடு' அதற்கு உதவியது. போலிப் பதிவு, அடையாள மாற்றம் ஆகியவற்றை அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. முறையிட்ட 367 பேருள் 56 பேர் உரிமை மீறலுக்கு உள்ளானோர் என அப்போது ஏற்கப்பட்டனர். கைக்குழந்தையாகச் சென்றவருக்குக் கோப்பிலுள்ளதே தொடக்கம். எட்டு வயதில் சென்றவரோ கோப்பு பொய் என்பதை அறிந்தே விமானம் ஏறியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதற்குரிய மொழி புதிய வீட்டில் எவருக்கும் தெரிந்திராது.

2001 பிப்ரவரி 27

தத்தெடுப்பு முடிந்தாலும் குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை. பெற்றோர் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சிலர் அறியாமையாலும் சிலர் அலட்சியத்தாலும் அதைச் செய்யவில்லை. 2000ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் இக்குறையை நீக்க முற்பட்டது. அது நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிறையாதோர்க்கு மட்டுமே அதன் பயன் கிட்டியது. 1950களிலும் 1960களிலும் வந்தோர் அனைவரும், அதாவது இவ்வழியை முதலில் நடந்தோர், அதற்கு வெளியே நின்றனர். பிற்காலத்தில் குற்ற வழக்கில் சிக்கிய சிலர், மொழியே மறந்துபோன பிறந்த நாட்டிற்கு நாடுகடத்தப்பட்டனர். இவர்களையும் உட்படுத்தும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டு, நிறைவேறாமல் நின்றன.

ஒரே பெற்றோர், ஒரே நாளில் தத்தெடுத்த இரு உடன்பிறந்தோரைக் கருதலாம். பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியிருந்தால், அந்நாளில் பதினேழு வயதுத் தங்கை ஒரு தாளிலும் கையெழுத்திடாமல் குடிமகளானாள். பத்தொன்பது வயது அண்ணன் அயல்நாட்டவனாகவே இருந்தான்.