கீழாநெல்லியும் இரண்டு காமாலைகளும்

எங்கள் ஊரில் காமாலைக்கு மருந்து கொடுத்தவள் முடிதிருத்துகிற வீட்டுக் கிழவி. கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். 'மஞ்சளாத்தான் இருக்கு, நாளைக்கு வெறும் வயித்தோட வா' என்பாள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கித் தருவாள். உப்பில்லாப் பத்தியம். அவளைத் திண்ணைக்கு மேல் ஏறவிடாத வீட்டுக்காரர்களும் அவள் கையால் அரைத்ததை வாங்கிக் குடித்தார்கள். தமிழ் மருத்துவத்தின் மேன்மை பேசும் மேடைகளில் இந்தக் கிழவி வருவதில்லை; சித்தர்கள்தான் வருகிறார்கள்.

1982இல் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் ஹெபடைடிஸ்-பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜனைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்கின்றன என்று எழுதினார்கள். அந்த ஆன்டிஜனைக் கண்டறிந்தவர் புளும்பெர்க். 1976இல் நோபல் பரிசு பெற்றவர். 1960களில் ஆஸ்திரேலிய ஆதிக்குடி ஒருவரின் இரத்தத்தில் அது தட்டுப்பட்டதால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்றே முதலில் பெயர் பெற்றது. இரத்தம் தந்தவருக்குப் பெயர் இல்லை, கண்டத்துக்குத்தான் பெயர். 1987இல் புளும்பெர்க் பணியாற்றிய ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம், இச்செடியிலிருந்து எடுத்த சாற்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. மறு ஆண்டு இரு தரப்பாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. வேர் நீக்கி உலர்த்திய செடித்தூள், வேளைக்கு 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜன் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்.

பாட்டி வைத்தியம் நிரூபிக்கப்பட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள். எனக்கு இங்கேதான் இடறுகிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். சொற்கள் இடம் மாறுவதைக் கவனிக்கிற வேலைதான்.

கிழவி அறிந்த காமாலை கண்ணில் தெரிவது. அதில் கணிசமான பங்கு ஹெபடைடிஸ்-ஏ போன்ற வகையாக இருந்திருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், தானே வடிந்துவிடும். அவளுடைய வெற்றியில் அந்தத் தானேவுக்கும் பங்குண்டு. பத்தியத்துக்கும் ஓய்வுக்கும்கூட இருக்கலாம். ஆனால் சென்னைச் சோதனைக்கு வந்தவர்கள் கிருமியைச் சுமப்பவர்கள். அத்தகையவருக்குக் கண் மஞ்சளாக வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனை இல்லாவிட்டால் அவர் நோயாளியே அல்லர். கிழவியின் அறிவுலகில் அப்படி ஒரு மனிதன் கிடையாது. அவள் சொன்னதை லான்செட் மெய்ப்பிக்கவில்லை. அவள் இலையை எடுத்து வேறொரு நோயின் மேல் வைத்தது.

இந்த இடைவெளியில்தான் காப்புரிமை குடியேறுகிறது. மஞ்சள் காப்புரிமையை 1997இலும் வேம்புக் காப்புரிமையை 2000இலும் வீழ்த்த உதவிய வாதம், 'இது ஏற்கெனவே தெரிந்தது' என்பது. கீழாநெல்லியில் அந்த வாதம் இருமுனைக் கத்தி. ஏற்கெனவே தெரிந்தது காமாலை. வைரஸ் அல்ல என்று அவர்கள் திருப்பிச் சொல்ல முடியும். 'எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும்' என்ற நம்முடைய முழக்கம் அங்கே செல்லாது.

செடியின் பெயரும் நிலையாக இல்லை. 1982, 1987 கட்டுரைகளில் ஃபில்லாந்தஸ் நிரூரி. 1988இல் ஃபில்லாந்தஸ் அமாரஸ். நிரூரி என்பது அமெரிக்கச் செடியின் பெயர், நம் வரப்பில் நிற்பது அமாரஸ் என்று வகைப்பாட்டாளர்கள் பிரித்துவிட்டிருந்தார்கள். அந்த அமாரஸும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பரவியதே என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. மண்ணின் மைந்தர்கள் மிளகாயை மறந்ததுபோல் இதையும் மறக்கலாம்.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூஸிலாந்திலும் கிருமி சுமப்போரிடம் இச்செடி பலனளிக்கவில்லை. 2011இல் வந்த காக்ரேன் மீளாய்வுக்கும் நம்பத்தகுந்த சான்று கிட்டவில்லை. அதனால் கிழவி தோற்றாளா? அவள் ஆடாத ஆட்டம் அது. இலைச்சாறுகளின் ஆராய்ச்சி மட்டும் குறையவில்லை. கிருமி வளர்த்த தட்டில் சாற்றை இட்டுச் சுற்றிலும் தெளிந்த வட்டத்தை அளப்பது, ஊதா நிறக் கரைசல் வெளிறுவதைக் கண்டு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் என்று எழுதுவது எனக் கட்டுரைகள் குவிகின்றன. தட்டில் செத்த கிருமி உடம்புக்குள்ளும் சாகுமா என்ற கேள்வி கடைசிப் பத்தியில் 'மேலும் ஆய்வு தேவை' என்று முடிந்துவிடுகிறது.

அச்சக நண்பர் ஒருவர் இரத்ததானம் செய்யப் போனபோது தாம் பி வைரஸைச் சுமப்பவர் என்று அறிந்தார். வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. யாருக்கு எப்போது தேவை என்பதைப் பரிசோதனைகள்தான் சொல்லும். அவர் பரிசோதனைக்குப் போகாமல் நான்கு வருஷம் கீழாநெல்லிப் பொடி தின்றார். ஈரல் சுருங்கத் தொடங்கிய பிறகு பார்க்கப் போனேன். கண்ணாடியை எடுத்துத் தன் கீழிமையை இழுத்துக் காட்டினார்: 'பாருங்க தோழர், மஞ்சளாவே இல்லியே?'